'அந்த நேரத்துல அவளுக்கு அங்கே என்ன வேலை?'



மகளிர் பகுதியை வாரம் தவறாமல் படிக்கும் வாசகிகளில் நானும் ஒருத்தி. ஒன்றிரண்டு சமையல் குறிப்பும், துணியில் கறை போக்கும் வழியும் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த மாதிரி விஷயத்துக்குப் பேனா எடுப்பது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்து, சொல்ல வந்ததை மட்டும் சகோதரிகள் படிக்க வேண்டும்.

2024 டிசம்பர் கடைசி வாரம். ராத்திரி சாப்பாட்டு நேரம். டி.வி.யில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, "ராத்திரி எட்டு மணிக்கு அவளுக்கு அங்க என்ன வேலை? அதுவும் ஒரு பையனோட?" என்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாதிச் சோறு மிச்சம். சீக்கிரம் பரீட்சை வருகிறதே, அந்தக் கவலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து என் தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவைத் திட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்புறம்தான் சொல்லுவேன்" என்றாள். எனக்குக் கை காலெல்லாம் வெடவெடத்துப் போனது. விஷயம் இதுதான். டியூஷன் விட்டு வரும்போது ஒருத்தன் பைக்கில் பின்னாலேயே வருகிறானாம். இரண்டு மாதமாக! பேர் சொல்லிக் கூப்பிடுகிறானாம். வழியை மாற்றிப் பார்த்திருக்கிறாள், தோழிகளோடு சேர்ந்து வந்து பார்த்திருக்கிறாள். அவன் விடுவதாக இல்லை. கடைசியில் சித்தியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் கண்ணு, அம்மாகிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன். தலை குனிந்தபடியே சொன்னாள்: "சொன்னா நீயும் அதேதானேம்மா கேப்பே... அந்த நேரத்துல அந்த வழியா ஏன் வந்தேன்னு. அப்புறம் டியூஷனை நிறுத்திருவீங்க."

சகோதரிகளே, செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. டிசம்பரில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றி, முகம் தெரியாதவள்தானே என்று நான் சொன்ன ஒரு வார்த்தை, என் வீட்டுப் பெண்ணின் வாயை இரண்டு மாதம் அடைத்துவிட்டது.

அதைவிட வேதனை, என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார் என்பது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஒருத்தன் தினமும் வம்பு பண்ணுவான். ஒருநாள் என் பையில் கடிதத்தைத் திணித்துவிட்டான். பயந்து போய் அம்மாவிடம் கொண்டு கொடுத்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ அவனைப் பார்த்துச் சிரிச்சியா?" அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. பரீட்சையில் 412 மதிப்பெண் வாங்கினேன். ஆனாலும் பிளஸ் ஒன்னில் சேர்க்கவில்லை. "இருக்கிற காலத்துல வயசுப் பிள்ளையை பஸ்ஸுல அனுப்ப முடியாது" என்று அப்பா முடித்துவிட்டார். இருபது வயதில் கல்யாணம். கடிதம் திணித்தவனோ, அதே பஸ் நிறுத்தத்தில் இன்னும் பல வருஷம் நின்றுகொண்டிருந்தான். அவனை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பு செய்தவன் நின்ற இடத்தில் நின்றான். தப்பு செய்யாதவள் வீட்டுக்குள் வந்தாள். என் அம்மா கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவன் மேல் காட்ட முடியவில்லை, என் மேல் காட்டினார்.

இது ஏதோ என் வீட்டுக் கதை மட்டும் என்றால் பத்திரிகைக்கு எழுத மாட்டேன். நாட்டில் எந்தக் கொடுமை நடந்தாலும் முதல் கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றித்தான் வருகிறது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2016 ஜூன் 24. சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். வேலைக்குப் போக ரயிலுக்காக நின்ற ஒரு இளம் பெண்ணை நடைமேடையிலேயே வெட்டிக் கொன்றார்கள். காலை ஆறரை மணி வாக்கில்! நன்றாக விடிந்த நேரம். இரவு இல்லை, ஒதுக்குப்புறம் இல்லை, துணைக்கு ஆண் நண்பர் இல்லை, உடுப்பைக் குறை சொல்லவும் வழியில்லை. ஊர் சொல்கிற கட்டுப்பாடு எதையும் அவள் மீறவில்லை. அப்படியாவது வாய் ஓய்ந்ததா? "ஏதாவது லவ் மேட்டரா இருக்கும்", "அவளும் பேசிப் பழகியிருப்பா, சும்மா ஒருத்தன் வெட்டுவானா" என்று எங்கள் தெருக் குழாயடியில் நானே காதால் கேட்டேன். அந்த உடல் இரண்டு மணி நேரம் அப்படியே நடைமேடையில் கிடந்ததைக் கேட்டு உயர் நீதிமன்றமே மனம் வருந்தியது. அந்த நிலையத்தில் அன்றைக்கு ஒரு கண்காணிப்புக் கேமரா கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய நேரத்தில் ஜனங்கள், அவள் யாரோடு பேசினாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2019 பொள்ளாச்சி விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பெண்களை நம்ப வைத்துக் கூட்டிப் போய், வீடியோ எடுத்து, அதை வைத்தே மிரட்டிய கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஆயுதம் கத்தியா, துப்பாக்கியா? இல்லை. "வெளியே தெரிஞ்சா உன்னைத்தான் காறித் துப்புவாங்க" என்ற தைரியம்தான் அவர்களுக்கு ஆயுதம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்? நாம்தான். "முன்பின் தெரியாதவன் கார்ல ஏன் ஏறினா?" என்று கேட்கும் நம் வாய்தான். ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். உடனே அவள் அண்ணனை அடித்தார்கள். போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் அவள் பேரைச் சொன்னார், அரசாணையிலும் அவள் பேர் வந்தது. இதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்களும் ஊருக்குப் பயந்து வாயை மூடியிருந்தால் அந்த ஒன்பது பேரும் இன்றைக்குக் காரில் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

நான் வாய் தவறிப் பேசிய அண்ணா பல்கலைக்கழக விஷயத்துக்கு வருகிறேன். அது அவள் படிக்கிற இடம். தன் கல்லூரி வளாகத்தில் ராத்திரி எட்டு மணிக்கு இருப்பது ஒரு குற்றமா? அவள் பயப்படாமல் போலீசுக்குப் போனாள். ஆனால் அவள் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து செல்போன் செல்போனாகப் பரவியது. டிசம்பர் 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட முறையையே கண்டித்தது. பாதிக்கப்பட்டவளையே பழி சொல்லும்படி எழுதியிருக்கிறது, ஒரு பெண் எங்கே போனாள், யாரோடு இருந்தாள் என்று கேட்க இவர்கள் யார் என்கிற அர்த்தத்தில் நீதிபதிகள் பேசினார்கள். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னார்கள். 2025 ஜூன் 2-ஆம் தேதி குற்றவாளிக்கு, 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அந்தச் செய்தியைப் படித்தபோது, கோர்ட் கண்டித்தது போலீசை மட்டுமல்ல, குழம்புக் கரண்டியோடு நின்ற என்னையும்தான் என்று தோன்றியது.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு வக்கீல் அம்மா வந்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு வாயடைத்துப் போனோம். 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தில், பலாத்கார வழக்கில் புகார் கொடுத்த பெண் 'நடத்தை சரியில்லாதவள்' என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு இடம் இருந்ததாம். அதை எடுத்தது எப்போது தெரியுமா? 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். 130 வருஷம்! 1970-களில் மகாராஷ்டிரத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரர்களால் சீரழிக்கப்பட்டதாகச் சொன்ன ஓர் ஆதிவாசிச் சிறுமியின் வழக்கில், அவள் உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றமே அவர்களை விடுதலை செய்ததாம். அது சரியில்லை என்று நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதனால்தான் 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று வந்ததும் அப்போதுதான். 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2013-ல் வந்த திருத்தத்தில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதே தண்டனைக்குரிய குற்றம் ஆனது.

சட்டம் மெல்ல மெல்லத் திருந்தி வருகிறது. நாமும், நாம் படிக்கிற பத்திரிகையும்தான் திருந்தவில்லை.

ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. செய்திகளில் வரும் சில வார்த்தைகளைச் சொல்கிறேன். 'கற்பழிப்பு' என்று பல வருஷம் எழுதினார்கள். அவன் செய்த அக்கிரமத்தில் அழிந்தது அவள் கற்பா? அழிய வேண்டியது அவன் மானம் அல்லவா? இன்று பெரும்பாலும் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுவது ஆறுதல். ஆனால் 'காதலிக்க மறுத்த பெண் குத்திக் கொலை' என்று போடுகிறார்கள். படிக்கிறவனுக்கு என்ன தோன்றும்? மறுத்ததால்தான் செத்தாள், மறுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று! 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்கிறார்கள். கத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு இருப்பது காதலா? பெயரிலாவது காதலுக்குக் கொஞ்சம் மரியாதை வைக்கக் கூடாதா? கொலை செய்தவன் 'விரக்தியில் இருந்தான்', 'மனமுடைந்து போனான்' என்று அவன் மனசைப் பற்றி நாலு வரி. செத்தவள் 'அடிக்கடி செல்போனில் பேசுவாள்' என்று அவளைப் பற்றி நாலு வரி. கல்யாணம் ஆனவள் என்றால் கேட்கவே வேண்டாம். விசாரணை தொடங்கும் முன்பே 'கள்ளக்காதல்' என்று தலைப்பு வந்துவிடும். செத்தவள் எழுந்து வந்து மறுப்புக் கடிதம் போடவா போகிறாள்?

நாம் ஏன் இப்படிப் பேசுகிறோம் என்று நான் நிறைய யோசித்தேன். நமக்கு அந்தப் பெண் மேல் கோபம் இல்லை. பயம். "அவள் அந்த நேரத்தில் போனாள், அதனால் நடந்தது. என் பெண் போகமாட்டாள், அதனால் நடக்காது" என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அவள் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. ஆனால் அந்த நிம்மதி பொய். என் மகள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில், யூனிபாரம் போட்டுக்கொண்டு, புத்தகப் பையோடு வந்தாள். அவளையும்தான் ஒருத்தன் துரத்தினான்.

"அப்படீன்னா பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவே கூடாதா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இருட்டில் தனியாக வராதே, போனில் சார்ஜ் வைத்துக்கொள், புதுசாகப் பழகுகிறவனை உடனே நம்பாதே என்று நானும்தான் சொல்கிறேன். வீட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்வது எச்சரிக்கை. ஆனால் திருட்டுக் கொடுத்துவிட்டு அழுகிறவளிடம் போய், "நீ பூட்டாததால்தான் திருடினான், உன் மேல்தான் தப்பு" என்று சொல்லித் திருடனை விட்டுவிடுவோமா? முன்னால் சொன்னால் எச்சரிக்கை. நடந்த பிறகு சொன்னால் அது பழி. அதுவும் நகை போனவளை ஒருநாள் திட்டுவார்கள், அதோடு சரி. அவள் படிப்பை நிறுத்துவதில்லை, கல்யாணப் பேச்சு முறிவதில்லை.

பெண் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? எனக்கு ஒரு மகனும் இருக்கிறான், எட்டாவது படிக்கிறான். "அக்காவைப் பத்திரமாக் கூட்டிட்டு வா" என்று அவனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "நீ எந்தப் பொண்ணு பின்னாலயும் போகக் கூடாது, ஒருத்தி வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை. இப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். அவன் வெட்கப்பட்டு ஓடுகிறான், பரவாயில்லை. காதில் விழட்டும்.

என் மகள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டியூஷனை நிறுத்தவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்குப் போனோம். தறிப்பட்டறை வேலையும் சம்பளமும் ஒருநாள் போயின. அங்கேயும் ஒருவர், "பொண்ணு அவன்கூட முன்னாடி ஏதாச்சும் பேசியிருக்குதாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சை அடைத்தது. வீட்டில் வாயே திறக்காத என் வீட்டுக்காரர் சொன்னார்: "பேசியே இருந்தாலும் பின்னாடி வரக்கூடாதுங்க சார். பதினாறு வயசுப் பிள்ளைங்க." கேட்டவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, பிறகு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவனையும் அவன் அப்பாவையும் வரச் சொல்லி, அடுத்த தடவை வழக்குத்தான் என்று எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "டிசம்பர்ல டி.வி. பார்த்துட்டு அம்மா பேசினது தப்பு கண்ணு" என்றேன். பெற்றவள் பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொள்வது லேசில்லை. ஆனால் சொன்ன பிறகு மனசு லேசாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு!

சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி இப்படி ஒரு செய்தி டி.வி.யிலோ பேப்பரிலோ வரும்போது, வாய் திறக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நீங்கள் முகம் தெரியாத பெண்ணைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள். அவள், தனக்கு நடந்தால் அம்மா என்ன சொல்வாள் என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது நடந்து உங்களிடம் வந்து நின்றால், முதல் வார்த்தை "உன் மேல தப்பில்லை" என்று இருக்கட்டும். மற்ற கேள்வியெல்லாம் பிறகு. உதவிக்குப் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்களை சமையல்கட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் பாதிக்கப்பட்ட பெண்ணின் போட்டோ வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அடையாளத்தைப் பரப்பினால் ஜெயில் என்று சட்டம் சொல்வது ஒருபுறம், அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளை.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்புப் போடும்போது 'அவன் கொன்றான்' என்று போடுங்கள். அவள் என்ன செய்தாள் என்று தேடாதீர்கள்.

என் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை நான் என் மகளிடம் கேட்க இருந்தேன். அவள் தன் மகளிடம் கேட்காமல் இருந்தால் போதும், எனக்கு அதுவே பெரிய படிப்பு.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
குமாரபாளையம்.